உள்ளே எத்தனை பேர்

"ரெண்டு பேர் உள்ள போனாங்க, ரெண்டு பேர் வெளிய வந்தாங்க, நான் எழுதினதுல என்ன தப்பு—"

"நாலு பேர் போனீங்க கார்த். நாலு பேர்! என் புருஷன் என்ன மூட்டையா, கணக்குல வராம—"

"விருந்தாளிங்க ரெண்டு பேர்! நம்மளை யாரு எப்ப எழுதியிருக்கா? நீ எழுதியிருக்கியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. வெறும் ரெண்டுன்னு மட்டும் எழுதினியா, இல்ல கீழ வேற ஏதாச்சும்—"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு, ட்வைலா!"

"எழுதினியா?"

"'எல்லாரும் வெளியே'ன்னு ஒரு வரி போட்டேன். எப்பவும் போடுறதுதானே."

பிக்கப் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் மாட்டியிருந்த குதிரை டிரெய்லர் தடதடவென்று ஆட, உள்ளேயிருந்த பக் என்ற பழுப்புக் குதிரை பலகையை உதைத்தது. காலையில் போட்ட சேணம்கூட அதன் முதுகிலிருந்து இறங்கவில்லை.

காட்டுப் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு நோட்டும் நூலில் கட்டிய பென்சிலும் இருக்கும். உள்ளே போகிறவர்கள் பெயர், ஊர், எத்தனை பேர், எத்தனை நாள் என்று எழுத வேண்டும். வெளியே வந்ததும் அதையும் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் விருந்தாளிகளையும் பொதியையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் விருந்தாளிகளின் பெயரைத்தான் எழுதுவார்கள். தங்கள் பெயரை எழுதுவதில்லை. ஒரு கோடையில் முப்பது தடவை போய் வருகிறவன் தன் பெயரை எழுதினால், தபால்காரன் தனக்குத்தானே கடிதம் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும் என்று நினைப்பு. முழங்கால் கெட்டுப்போய் வீட்டோடு உட்காரும் வரைக்கும் ட்வைலாவும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு அந்தப் பழக்கத்தைப் பழக்கியதே அவள்தான். அந்தக் கோபமும் சேர்ந்துதான் ஆக்சிலேட்டரை மிதித்தது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு வனத்துறை அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. மேற்கு மலையில் பிடித்த தீ இறங்கி வருகிறது, அதற்கு இரை இல்லாமல் செய்ய ஓடைப் பள்ளத்தாக்கில் மூன்று மணிக்கு நாங்களே எதிர்த்தீ வைக்கப்போகிறோம், குதிரைகளை இடம் மாற்றிவிடுங்கள் என்றார்கள். "உள்ள யாரும் இல்லையே?" என்று கேட்டாள். "நோட்டைப் பார்த்துட்டோம், எல்லாரும் வெளியே" என்றார்கள். நல்லது என்று போனை வைத்தாள். பத்து நிமிடத்தில் கார்த் வண்டியோடு வந்து நின்றான். ஓஹாயோவிலிருந்து வந்த தம்பதி இறங்கினார்கள். அவள் கணவன் எமெட் இறங்கவில்லை.

திரும்பப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தையே காலி செய்துவிட்டார்கள்.

"எமெட்டை ஏன் விட்டுட்டு வந்த? அதை முதல்ல சொல்லு."

"எத்தனை தடவை சொல்றது? மேபல் நொண்டுது. குளம்புக்குள்ள காயம். நீ இவங்களைக் கூட்டிட்டுப் போ, நான் இவளை ரெண்டு நாள் ஆத்திட்டு மெதுவா இறக்குறேன்னு அவன்தான் சொன்னான். அப்ப புகைகூட இல்ல. வானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"மேபல் நொண்டினதே இல்லையே. பதினோரு வருஷமா பொதி சுமக்கிற கோவேறு கழுதை, ஒரு தடவை நொண்டியிருக்காளா?"

பின் சீட்டில் ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. லெனோர் பிரூவிட் உட்கார்ந்திருந்தாள். விருந்தாளி. அவள் கணவர் பண்ணையில் நின்று கொட்டகைக் கூரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இவள் மட்டும் யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

"அது என்னாலதான்" என்றாள் லெனோர்.

"என்னது?"

"ஏரிக்கரையில பச்சைக் கல்லு கிடந்துச்சு. அழகா இருந்துச்சு. நீங்க ரெண்டு பக்கமும் எடை பார்த்துக் கட்டி வச்சதுக்கு அப்புறம், மேபல் முதுகுல இருந்த என் பையில ஒரு பத்துப் பன்னிரண்டு கல்லு போட்டேன்."

கார்த் மெல்லத் திரும்பிப் பார்த்தான். "எடை பார்த்ததுக்கு அப்புறமா?"

"ஒரு பக்கம் கொஞ்சம் கூடினா என்ன ஆகும்னு நினைச்சேன்."

"பொதி சாயும். சாஞ்சா கால் தடம் மாறும். செங்குத்துச் சரிவுல தடம் மாறினா கூர்க்கல்லு மேல மிதிக்கும்." கார்த்தின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நான் அவளைத் திட்டினேன். காலையில மேபலைக் கழுதை முண்டம்னு திட்டினேன்."

"மன்னிச்சிடுங்க."

"மேபல் கிட்ட சொல்லுங்க" என்றாள் ட்வைலா.

சாலை திரும்பியது. பைன் மரங்களுக்கு மேலே வானம் பழுத்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கண்ணாடியில் சாம்பல் துகள்கள் வந்து ஒட்டின. ட்வைலா வைப்பரைப் போட்டாள். சாம்பல் தேய்ந்து கண்ணாடி இன்னும் மங்கலானது.

பாதை முகப்பில் மஞ்சள் நாடா கட்டி மறித்திருந்தார்கள். பச்சை வண்டி ஒன்று குறுக்கே நின்றது. அதன் பக்கத்தில் யோலண்டா ரீஸ். வனத்துறைக்காரி. இந்தப் பாதைகளுக்குப் பொறுப்பாக வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வண்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் வீசினாள்.

"திருப்புங்க! திருப்புங்க! இங்க வரக் கூடாது, ட்வைலா, உங்களுக்குப் போன் பண்ணாங்களே—"

"எமெட் உள்ள இருக்காரு."

யோலண்டாவின் கைகள் அப்படியே நின்றன. "என்ன சொல்றீங்க? நோட்டை நானே பார்த்தேன். நானே படிச்சேன்."

"தெரியும். இந்தா, எழுதினவன் இங்க நிக்கிறான்."

"எல்லாரும் வெளியேன்னு எழுதியிருக்கே!"

"விருந்தாளிங்க எல்லாரும்னு அர்த்தம்" என்றான் கார்த்.

"அர்த்தமா? பன்னிரண்டு வருஷமா தொண்டை வத்தக் கத்துறேன், உங்க பேரையும் எழுதித் தொலைங்கன்னு! வருஷா வருஷம் கூட்டத்துல சொல்றேன். பொதிக்காரங்க எல்லாரும் தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டுச் சிரிக்கிறீங்க. இப்ப சிரி!"

"யோலண்டா, அப்புறம் அடி. இப்ப ரேடியோல பேசு" என்றாள் ட்வைலா.

யோலண்டா ஏற்கனவே ரேடியோவை எடுத்துவிட்டாள். "டூலி, டூலி, பாதை முகப்பிலேருந்து. நிறுத்துங்க. தீ வைக்காதீங்க. உள்ள ஒரு ஆள் இருக்காரு."

கரகரப்பு. பிறகு மலைமேலிருந்து ஒரு குரல். எதிர்த்தீ வைக்கிற குழுவின் தலைவர் டூலி.

"காலி பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே?"

"தப்பு. ஒருத்தர் இருக்காரு. பொதிக்காரர். எமெட் ஸ்டாடர்ட். நொண்டுற கோவேறு கழுதையோட."

"எங்க இருக்காரு?"

"காலையில ஒன்பதாவது மைல் கூடாரத்துல இருந்தாரு. இப்ப தெரியாது."

"ஹெலிகாப்டர் கேக்காதீங்க. இந்தப் புகையில ஒண்ணும் பறக்காது. கேளுங்க. ஆள் உள்ள இருக்குன்னு தெரிஞ்சு நான் நெருப்பு வைக்க மாட்டேன். ஆனா நாலு மணிக்குக் காத்து திரும்புது. அதுக்குள்ள எதிர்த்தீ வைக்கலேன்னா வைக்கவே முடியாது. என் ஆளுங்களை இறக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் அந்த ஓடையையும் கீழ வில்லோ பிளாட்ஸ் வீடுகளையும் தீ தன் இஷ்டத்துக்குப் பார்த்துக்கும். அவருக்கு மேல்வழி ஒண்ணு இருக்கே? கணவாய் ஏறி அந்தப் பக்கம் இறங்குற வழி?"

"இருக்கு."

"அதுல போயிருந்தா இந்நேரம் தப்பிச்சிருப்பாரு. நான் இப்பவே வைக்கலாம். எந்த வழின்னு அவரைத் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லணும். சீக்கிரம்."

யோலண்டா ரேடியோவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். வில்லோ பிளாட்ஸில் முப்பத்தொரு வீடு. ட்வைலாவின் வீடு அதில் ஒன்று. கார்த்தின் வீடு இன்னொன்று.

"கணவாய்தான்" என்றான் கார்த். "புகையைப் பார்த்ததும் மேல ஏறியிருப்பான். ரெண்டு மைல்தானே. ரெண்டு மணி நேரம். அவன் முட்டாள் இல்ல."

"மேபலை என்ன பண்ணியிருப்பாரு?" என்றாள் ட்வைலா.

"அவுத்து விட்டிருப்பான். கழுதைக்கு வழி தெரியும். நம்மளை விடத் தெரியும்."

"கார்த், அந்தக் கணவாய்ப் பாறைப் படியில நல்ல காலோட இருக்கிற கோவேறு கழுதையே நின்னு நின்னு யோசிக்கும். நொண்டுறவளை ஏத்த முடியாது. ஏத்த முடியாதுன்னா அந்த மனுஷன் போக மாட்டாரு."

"உயிர் போகுதுன்னா எவனும் விட்டுட்டுப் போவான்!"

"என்னை விட்டுட்டுப் போவாரு. மேபலை விட மாட்டாரு. எங்க கல்யாண நாளன்னைக்கு ஒரு குட்டி பிறக்குதுன்னு கொட்டகைக்குப் போனவரு மறுநாள் காலையிலதான் வந்தாரு. உனக்குத் தெரியாதா?"

"அது வேற."

"என்ன வேற?"

லெனோர் வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். "அவர் மேல்வழியைப் பத்திப் பேசினார்" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். "நேத்து. கணவாய் மேல நின்னு பார்த்தா ஏழு ஏரி தெரியும், நீங்க ஒரு நாள் பார்க்கணும்னு சொன்னார்."

"பார்த்தியா!" என்றான் கார்த்.

"அது விருந்தாளி கிட்ட பேசுற பேச்சு!" என்றாள் ட்வைலா. "எல்லாருக்கும் அதைத்தான் சொல்வாரு. அடுத்த வருஷமும் வரணும்ல."

ரேடியோ கரகரத்தது. "பாதை முகப்பு, பதில் வேணும்."

யோலண்டா ட்வைலாவைப் பார்க்கவில்லை. கார்த்தைப் பார்த்தாள். "கடைசியா அவரோட பேசினது நீங்க. உங்க அக்கா என்ன நினைக்கிறாங்கங்கிறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. நீங்க கணவாய்ன்னா நான் கணவாய்ன்னு சொல்லிடுறேன். அவர் வச்சிடுவாரு."

கார்த் வாயைத் திறந்தான். ஐம்பத்தெட்டு வயது, ஆறடி மூன்று அங்குலம். பெட்டியைக் கட்டியிருந்த கம்பத்தில் கை வைத்துக்கொண்டு நின்றான். பெட்டியின் மூடி சரியாக மூடாமல் இருந்தது. காலையில் அவன்தான் மூடியிருந்தான்.

"கார்த்" என்றாள் ட்வைலா. இந்த முறை மெதுவாக.

"ஓடை" என்றான். "ஓடை வழியாத்தான் வருவான். அவளை ஓட்டிக்கிட்டு, ஒவ்வொரு அடியா. எனக்குத் தெரியும். வண்டியில வரும்போதே தெரியும்."

யோலண்டா ரேடியோவில் சொன்னாள். டூலி நாலு மணி வரைக்கும் என்று மட்டும் சொன்னார்.

கார்த் டிரெய்லரின் கதவைத் திறந்தான்.

"எங்க போறீங்க?" என்றாள் யோலண்டா.

"பக்கைக் காலாற நடத்தப் போறேன்."

"இது மூடின பகுதி. நான் உங்களை விட முடியாது."

"நீ விடல. நான் போறேன்."

"கார்த், என் வேலை போயிடும்."

"அப்ப திரும்பி நின்னுக்கோ."

அவள் திரும்பி நிற்கவில்லை. வண்டிக்குள் கை விட்டு ஒரு கைரேடியோவை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தாள். ஒரு துவாலையைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றினாள். சுற்றியதில் அன்பு எதுவும் இல்லை. "ரெண்டாவது வளைவு தாண்டினா இது பேசாது, பாறை மறைக்கும். நம்பாதீங்க. இப்ப ரெண்டு நாப்பது. மூணு இருபதுக்கு எங்க இருந்தாலும் குதிரையைத் திருப்பணும். ஆளைப் பார்த்தாலும் சரி, பார்க்கலேன்னாலும் சரி. சொல்லுங்க."

"மூணு இருபது."

"முதல்ல எழுதுங்க."

கார்த் நோட்டை எடுத்தான். நூலில் கட்டிய பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதினான். கார்த் லிண்ட்குவிஸ்ட், வில்லோ பிளாட்ஸ், ஒருவர், ஒரு குதிரை. முப்பது வருடத்தில் முதல் முறை. எழுதி முடித்து அக்காவிடம் காட்டினான், சின்ன வயதில் வீட்டுப்பாடம் காட்டுகிற மாதிரி.

"எமெட் பேரையும் எழுது" என்றாள் ட்வைலா.

எழுதினான். பிறகு குதிரையில் ஏறிப் புகைக்குள் போனான். முதல் வளைவு வரைக்கும் பக்கின் பழுப்பு முதுகு தெரிந்தது.

ட்வைலா கம்பத்தடியில் நின்றாள். முழங்கால் வலித்தது, உட்காரவில்லை. லெனோர் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"நீங்களும் போயிருப்பீங்க இல்ல, முட்டி சரியா இருந்திருந்தா" என்றாள் லெனோர்.

"போயிருப்பேன். போயி ரெண்டு பேரையும் அறைஞ்சிருப்பேன்."

மூன்று மணிக்கு ரேடியோவில் கார்த்தின் குரல் ஒரே ஒரு தடவை வந்தது. "ரெண்டாவது வளைவு. பாதை தெரியுது. ஓடைக்கு மேல மேட்டுப் பாதையிலதான் போறேன். இன்னும் யாரையும் காணோம்." அதற்குப் பிறகு கரகரப்புத்தான்.

மூன்று பத்துக்கு ஒரு பெண்மானும் இரண்டு குட்டிகளும் பாதையில் ஓடி வந்து, மஞ்சள் நாடாவைத் தாண்டி, குதிரை டிரெய்லருக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின. யாரையும் பார்த்து அவை மிரளவில்லை.

மூன்று இருபது ஆயிற்று. இருபத்தைந்து ஆயிற்று. யோலண்டா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை ட்வைலா பார்த்தாள். யோலண்டா அதைக் கண்டுகொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் வந்தது. தூரத்தில் சரக்கு ரயில் போகிற மாதிரி. எங்கள் பக்கத்தில் ரயில் கிடையாது.

மூன்று முப்பத்தைந்துக்குத் தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டது. பாதையிலிருந்து இல்லை. கீழே, ஓடையிலிருந்து.

"அங்க!" என்று கத்தினாள் லெனோர்.

ஓடைக்கரையின் புதருக்குள்ளிருந்து முதலில் இரண்டு நீளக் காதுகள் வந்தன. பிறகு மேபல். தலையில் ஈரப் போர்வை. முதுகில் பொதி இல்லை. ஒரு முன்னங்காலில் கிழிந்த கான்வாஸைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இடுப்பு வரைக்கும் நனைந்து, முகமெல்லாம் கரியோடு எமெட்.

ட்வைலா முழங்காலை மறந்து சரிவில் இறங்கினாள். அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"பைத்தியமா உனக்கு? பைத்தியமா? கழுதையோடயா வருவாங்க?"

"நொண்டுதே" என்றான் எமெட். இருமினான். "தண்ணிக்குள்ளயே நடத்திக்கிட்டு வந்தேன். குளம்புக்குக் குளிர்ச்சி. புகையும் தண்ணி மேல கொஞ்சம் கம்மி. மேட்டுப் பாதையில மூச்சு விட முடியல. அழாத. ஏன் அழுற? வந்துட்டேன்ல."

"நான் அழல. புகை."

யோலண்டா ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். "டூலி, எமெட் ஸ்டாடர்ட் வெளிய வந்துட்டாரு. வந்துட்டாரு. ஆனா—"

"அப்ப வைக்கலாமா?"

"இல்ல. இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காரு. அவரைத் தேடிப் போனவரு."

மலைமேல் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பிறகு டூலி, "நாலு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல நீங்க எவ்வளவு கெஞ்சினாலும் முடியாது" என்றார்.

எமெட் தண்ணீர்ப் புட்டியை வாயிலிருந்து எடுத்தான். எல்லார் முகத்தையும் பார்த்தான். மேபல் அவன் தோளில் மூக்கைத் தேய்த்தாள்.

"மேல ஒரு குதிரை போன சத்தம் கேட்டுச்சு" என்றான். "முதல் மைல் பக்கத்துல. வேகமாப் போச்சு, உள்பக்கமா. கத்தினேன். தண்ணி இரைச்சல்ல அவனுக்குக் கேட்டிருக்காது. யாரோ விவரம் கெட்டவன், இந்த நேரத்துல உள்ள போறான்னு நினைச்சேன்." குரல் தாழ்ந்தது. "ட்வைலா, யாரது?"

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரெய்லர் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே குதிரை இல்லை. எமெட் சரிவில் திரும்பி ஓடப் பார்த்தான். லெனோரும் யோலண்டாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் அப்படியே கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு இருபதுக்குத் திரும்பறேன்னு சொன்னாரு" என்றாள் யோலண்டா.

"திரும்ப மாட்டான்" என்றான் எமெட். "என்னைப் பார்க்காம திரும்ப மாட்டான். ஒன்பதாவது மைல் வரைக்கும் போவான். கூடாரத்துல நான் இல்லேன்னு கண்ணால பார்த்தாத்தான்—"

"தெரியும்" என்றாள் ட்வைலா. "சும்மா இரு."

அவள் யோலண்டாவின் கையிலிருந்து ரேடியோவை வாங்கினாள். அந்தப் பட்டனை அமுக்குவது எப்படி என்று யோலண்டா விரல் வைத்துக் காட்டினாள். மணி மூன்று நாற்பத்திரண்டு. இரைச்சல் இப்போது மலையின் இந்தப் பக்கத்தில் இருந்தது. ட்வைலா பட்டனை அமுக்கி, வாயருகே கொண்டுபோனாள். வீட்டு முற்றத்தில் நின்று சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்தான் பேசினாள்.

"கார்த், எமெட் வந்துட்டாரு, மேபலும் வந்துட்டா. இனிமே உள்ள நீ ஒருத்தன்தான் இருக்க, குதிரையைத் திருப்பு. கார்த், கேக்குதா?"